நண்பர்களோடு போன பைக் பயணம் ஏதாவது உங்களை மாற்றியிருக்கிறதா?

எங்களுக்கு ஆடி மாதம் என்றால் கன்னியாகுமரி ரைடு. பாளையங்கோட்டையில் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு. அங்கே நாற்கர சாலையை விட்டு முப்பந்தல், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் என்று சுற்றிப் போவோம். நேராகப் போனால் சுமார் 85 கிலோமீட்டர்தான். முப்பந்தல் காற்றுக்காகவே இந்தச் சுற்று. 20 வருடமாகப் போகிறோம். 7 பேராகத் தொடங்கியது, இப்போது தூத்துக்குடி, நாகர்கோவில் பையன்களும் சேர்ந்து 30 வண்டிக்கு மேல்.

இந்த ஆடியில்தான் முதல்முறையாக அந்த 7 பேரில் ஒருவன் இல்லை. போன கார்த்திகையில் ஒருநாள் காலை, வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. 49 வயது. அவன் அம்மா 20 வருடமாகப் பயந்ததெல்லாம் ரோட்டுக்குத்தான்.

கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவனை எல்லோருக்கும் தெரியும். வேகம், திருப்பம், எங்கே டீ எல்லாம் அவன் முடிவு. கடைசி வண்டிக்காரன் அப்படி இல்லை. யாருக்குப் பஞ்சர் ஆனாலும், செயின் கழன்றாலும் அவனும் கூடவே நிற்க வேண்டும். மற்றவர்கள் அதற்குள் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். "ஏலே, நீங்க போங்கல, நான் பின்னாடி வாரேன்" என்று அந்தக் கடைசி இடத்தை இறந்துபோன எங்கள் நண்பனே எடுத்துக்கொள்வான். ஏன் என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இந்த முறை கடைசி வண்டி என்னுடையது. வண்டிகள் ஒரே கோட்டில் போகாது. இடம், வலம் என்று மாறி மாறி, நேர் முன்னால் இருப்பவனுக்கு 2 நொடி இடைவெளி விட்டுப் போகும். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. எவன் தோள் தளர்ந்துவிட்டது, எவன் இண்டிகேட்டரை அணைக்க மறந்தான், எவனுக்குத் தூக்கம் வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே கணவாய்க் காற்று வந்து அறைந்தது. முன்னால் ஒவ்வொரு வண்டியாக ஆடி நிமிர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் என் வயிறு கலங்கியது. 20 வருடமாக அவன் எங்கள் முதுகுகளை இப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். நாங்கள் அவனைக் கண்ணாடியில் ஒரு ஹெட்லைட்டாக மட்டும் பார்த்தோம். அந்த வெளிச்சம் தெரிந்தால் சரி, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று ஆக்சிலேட்டரை முறுக்கினோம்.

சாவு பயம் கூடியதா என்றால், கூடியது. என் சாவை நினைத்து அல்ல, முதல் 7 பேரில் என்னைத் தவிர மீதி இருக்கும் 5 பேரை நினைத்து. ஊர் திரும்பிய வாரமே அவர்களை இழுத்துக்கொண்டு போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி எல்லாம் பார்க்க வைத்தேன். ஒருவனுக்கு அழுத்தம் 160-ஐத் தாண்டியிருந்தது, அவனுக்கே தெரியாது. இப்போது என்னைத் திட்டிக்கொண்டே மாத்திரை போடுகிறான். திட்டட்டும்.

அப்புறம் ஒன்று. ரைடுக்கு முந்தின நாள் அவன் மனைவி அவனுடைய டூல்ஸ் பையை எடுத்துக் கொடுத்தாள். "இதையும் கொண்டு போங்கண்ணே, இங்க சும்மாதான கெடக்கு." அன்று ராத்திரி வீட்டில் பிரித்துப் பார்த்தேன். பஞ்சர் கிட், பிளக் ஸ்பேனர், டார்ச். அடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு கிளட்ச் கேபிள். அவன் புல்லட்டுக்கு உரியதல்ல. என் ஆர்எக்ஸ் 100-க்கு உரியது. அந்த வண்டியை நான் விற்று 9 வருடம் ஆகிறது.