பதில்: பெயரில்லாமல் அனுப்பிய புகாருக்கு ஏன் பதில் இல்லை?

வணக்கம். பொதுத்துறை வங்கிக் கிளையொன்றில் நடக்கும் கடன் முறைகேடு குறித்து மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்குப் பெயர் குறிப்பிடாமல் எழுதியதாகவும், இதுவரை பதில் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இது அலட்சியமாக இருக்க வாய்ப்பில்லை. புகார் செய்பவரின் அடையாளத்தைக் காக்க மத்திய அரசு 2004ஆம் ஆண்டு கொண்டுவந்த பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின்படி, பெயரில்லாத புகாரை ஆணையம் விசாரணைக்கு எடுத்துக்கொள்வதே இல்லை.

ஆகவே மீண்டும் எழுதுங்கள். பெயரையும் முகவரியையும் புகாரின் தொடக்கத்திலோ இறுதியிலோ, அல்லது இணைப்புக் கடிதத்திலோ மட்டும் குறிப்பிட்டு, உள்ளே "என் மேசைக்கு வந்த கோப்பு" என்பது போல உங்களைக் காட்டிக்கொடுக்கும் வரி எதுவும் இல்லாதபடி எழுதி, ஒட்டிய உறையில் ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். உறையின் மேல் பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின்கீழ் அனுப்பும் புகார் என்று எழுதுங்கள். அனுப்புநர் பெயர் வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வராது. புகார் உங்களுடையதுதானா என்று உறுதிசெய்யக் கேட்டு ஆணையமே எழுதும். அதற்குத் தவறாமல் பதிலளியுங்கள்.

நகலை வங்கியின் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினால் இரகசியம் அங்கேயே போய்விடும். பழிவாங்கும் இடமாற்றம் வந்தால் ஆணையத்திடமே முறையிடலாம். முறைகேட்டை வெளிப்படுத்துவோருக்கான 2014ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்ப வேண்டாம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய அச்சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.