சோல்டர் பேஸ்ட் அச்சு: கேள்வி பதில்

சோல்டர் பேஸ்ட் என்பது சோல்டர் பொடியும், ஆக்சைடை நீக்கும் ஃப்ளக்ஸும் கலந்த பசை. துளையிட்ட மெல்லிய தகட்டை (ஸ்டென்சில்) சர்க்யூட் போர்டின்மேல் வைத்து, பாகங்களின் கால் ஒட்டும் உலோகத் திட்டுகளில் (பேட்) இதை அச்சிடுவார்கள். பிறகு பாகங்களை வைத்து அடுப்பில் உருக்கி ஒட்டுவதுதான் ரீஃப்ளோ.

கேள்வி: 0.5 மி.மீ. பிட்ச் (காலுக்குக் கால் தூரம்) கியூ.எஃப்.என். ஐ.சி. (கால்கள் வெளியே நீளாமல் அடியிலேயே உள்ள தட்டையான சிப்) ஒன்று போர்டில் இருக்கிறது. 0.15 மி.மீ. தடிமன் ஸ்டென்சில் போதுமா, 0.12 வாங்கணுமா?

பதில்: கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். துளையின் பரப்பை அதன் சுவர்களின் மொத்தப் பரப்பால் வகுங்கள். அதாவது நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, அதை நீளம், அகலம் இரண்டின் கூட்டுத்தொகையாலும் தகட்டுத் தடிமனின் இரு மடங்காலும் வகுக்க வேண்டும். இதுதான் ஏரியா ரேஷியோ. இது 0.66க்குக் கீழே போனால் பேஸ்ட் பேடில் இறங்காமல் துளைச் சுவரிலேயே தங்கப் பார்க்கும். துளை 0.25 × 0.8 மி.மீ. என்றால் 0.15 தகட்டில் 0.63, 0.12 தகட்டில் 0.79. எனவே 0.12தான். 0.15லும் சில போர்டுகள் அழகாகவே வரும். ஆபத்தே அதில்தான்: எந்தப் போர்டில் எந்தக் காலுக்குப் பேஸ்ட் இறங்காமல் போகும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: அப்படியானால் 0.4 பிட்ச் பி.ஜி.ஏ.வுக்கு (அடியில் கால்களுக்குப் பதில் சோல்டர் உருண்டைகள் உள்ள சிப்)? வட்டத் துளை 0.25 மி.மீ.

பதில்: வட்டத்துக்குக் கணக்கு எளிது, விட்டத்தைத் தடிமனின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும். 0.12 தகட்டில் 0.52, 0.10ல் 0.625, 0.08ல் 0.78. 0.08 எடுத்தால் பெரிய கனெக்டர்களுக்குப் பேஸ்ட் பற்றாது. அங்கே துளையைப் பேடைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டச் சொல்லலாம். இல்லையென்றால் பி.ஜி.ஏ. பகுதியை மட்டும் மெல்லிசாக்கிய ஸ்டெப் ஸ்டென்சில். வட்டத்துக்குப் பதில் மூலை மழுங்கிய சதுரம் கேளுங்கள். ரேஷியோ ஏறக்குறைய அதேதான், விழும் பேஸ்ட் மட்டும் கூடும்.

கேள்வி: டைப் 3 பேஸ்டா, டைப் 4ஆ?

பதில்: மிகச் சின்னத் துளையின் அகலத்தில் ஐந்து பொடி உருண்டைகளாவது பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். டைப் 3 பொடி 25 முதல் 45 மைக்ரான், டைப் 4 பொடி 20 முதல் 38. 45ஐ ஐந்தால் பெருக்கினால் 225, ஆக 0.25 மி.மீ. துளையில் டைப் 3 மயிரிழையில் தேறுகிறது. டைப் 4 எடுங்கள். "இன்னும் நைஸாக இருந்தால் இன்னும் நல்லதுதானே" என்று டைப் 5க்குத் தாவ வேண்டாம். பொடி நுணுக நுணுக ஆக்சைடு படியும் பரப்பு கூடும், ஃப்ளக்ஸுக்கு வேலை அதிகம்.

கேள்வி: மெஷின் இல்லை. கையால் அடிக்கும்போது ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

பதில்: பெரும்பாலும் போர்டு அசைகிறது, அல்லது தகடு அதன்மேல் சமமாக உட்காரவில்லை. அதே தடிமனுள்ள பழைய போர்டுத் துண்டுகளை (1.6 மி.மீ. போர்டானால் 1.6 மி.மீ. துண்டுகள்) சுற்றிலும் நெருக்கமாக வைத்து மேஜையில் டேப் போட்டு ஒட்டுங்கள். போர்டு அந்தக் குழிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். ஸ்டென்சிலைத் துளை வழியே பேட் தெரிகிறபடி பொருத்தி, ஒரு பக்கம் மட்டும் அகல டேப்பால் ஒட்டினால் அது கீல் ஆகிவிடும். பேஸ்டைத் துளைகளுக்கு முன்னால் விரல் தடிமனுக்கு ஒரே வரிசையாக வையுங்கள். உலோக ஸ்க்வீஜியை (பேஸ்டை இழுக்கும் பிளேடு) 60 டிகிரி சாய்த்து, ஒரே இழுப்பு. பேஸ்ட் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, உருண்டு போக வேண்டும். உருண்டால்தான் துளைக்குள் இறங்கும்.

அழுத்தத்துக்கு அளவு: பிளேடு போன வழியில் தகடு துடைத்ததுபோல் சுத்தமாக இருக்க வேண்டும். படலம் மிஞ்சினால் கொஞ்சம் கூட்டுங்கள். அதற்கு மேல் அமுக்கினால் பெரிய துளைகளின் நடுவில் பேஸ்ட் வழிக்கப்பட்டுப் பள்ளமாகும். ரப்பர் பிளேடில் இந்தக் கோளாறு அதிகம். விட்ட இடம் தெரிகிறதே என்று திரும்ப ஒருமுறை தேய்க்காதீர்கள், அடிப்பக்கம் கசியும். தகட்டை மெதுவாக, பக்கவாட்டில் நகராமல் தூக்குங்கள்.

கேள்வி: முதல் நாலைந்து போர்டு சுத்தம், அப்புறம் ஐ.சி. கால்களுக்கு நடுவே பிரிட்ஜ் (பக்கத்துக் கால்கள் சோல்டரால் ஒட்டிக்கொள்வது). ரீஃப்ளோ அடுப்பின் வெப்பத்தைக் குறைக்கலாமா?

பதில்: அடுப்பைத் தொடாதீர்கள், ஸ்டென்சிலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பேஸ்ட் பூசியிருக்கும். ஐந்து முதல் பத்து போர்டுக்கு ஒருமுறை பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தால் பின்னாலேயே உலர்துணியாலும் துடைக்க வேண்டும், மிஞ்சிய ஈரம் அடுத்த பேஸ்டை நீர்க்க வைக்கும். துடைத்தும் சீக்கிரமே திரும்பினால் தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது: பக்கத்தில் தடித்த சில்க்ஸ்கிரீன் (போர்டின் மேல் எழுத்து அச்சு), ஒட்டிய லேபிள், மேடு பள்ளமான எச்.ஏ.எஸ்.எல். பூச்சு (பேடுகளின் மேலுள்ள சோல்டர் பூச்சு). அடுத்த ஸ்டென்சிலில் அந்தத் துளைகளின் அகலத்தை 10 சதவீதம் குறையுங்கள், ரேஷியோவை மறுபடி சரிபார்த்துவிட்டு.

கேள்வி: சார், 0603 அளவு கெப்பாசிட்டர் ஓரத்தில் ஒரு சின்ன ஈயக் குண்டு ஒட்டிக்கொண்டே வருகிறது.

பதில்: பாகத்தின் வயிற்றுக்கு அடியில் பிதுங்கிய பேஸ்ட் உருகி ஓரமாக வெளியே வந்து நிற்கிறது. துளையின் உள்பக்க மூலைகளை வெட்டிவிடும் ஹோம் பிளேட் வடிவம் கேளுங்கள்.

கேள்வி: கியூ.எஃப்.என். நடுப் பேடுக்கு முழுத் துளை விட்டேன், சுற்றுக் கால்கள் ஒட்டவில்லை.

பதில்: நடுவில் பேஸ்ட் மிஞ்சி ஐ.சி. மிதக்கிறது. ஜன்னல் கம்பி போலச் சிறு சதுரங்களாகப் பிரித்து, மொத்தம் 50 முதல் 70 சதவீதம் மூடினால் போதும். ஃப்ளக்ஸ் ஆவியும் அந்தச் சந்துகள் வழியே வெளியேறும்.

கேள்வி: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்கலாமா?

பதில்: கூடாது. மூடியபடியே அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் இருக்கட்டும். குளிர்ந்த பேஸ்டில் காற்றின் ஈரம் படிந்தால் ரீஃப்ளோவில் தெறிக்கும். சூடு காட்டி அவசரப்படுத்த வேண்டாம். தகட்டில் மிஞ்சியதைப் புது டப்பாவில் திரும்பப் போடவும் வேண்டாம்.

கேள்வி: தவறாக அச்சானதைத் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாமா?

பதில்: வெறும் துணியால் துடைத்தால் பொடி வியா துளைகளிலும் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளைகள்) மாஸ்க் (போர்டின் மேல் காப்புப் பூச்சு) இடுக்குகளிலும் போய் அடையும், ரீஃப்ளோவில் அதெல்லாம் குண்டுகளாகும். பிளாஸ்டிக் அட்டையால் பெரும்பகுதியை வழித்தெடுத்து, ஐ.பி.ஏ.வும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவி, காற்றடித்து, லென்ஸில் பார்த்த பிறகே மறு அச்சு.