அந்த இரண்டு சதவீதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராணுவத்துக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டு சதவீதமாவது ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். மூன்று வேண்டும் என்பவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கே பணம் போதாத ஒரு வளரும் நாடு இவ்வளவு செலவழிக்கலாமா? இப்படிக் கேட்டாலே தேசத்துரோகி என்கிறார்கள்.

கா.

அன்புள்ள கா,

கேட்பது துரோகமே இல்லை. வரி கட்டுகிறவர் கேட்டே ஆக வேண்டும்.

அந்த இரண்டு சதவீதம், 2014-இல் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் நாடுகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அவற்றில் பல, உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரி திரட்டுபவை. பத்து சதவீதமே வரி வருகிற நாடு அதே இரண்டைக் கொடுத்தால், ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய் ராணுவத்துக்குப் போய்விடும். மீதி நாலு ரூபாயில் கடனுக்கு வட்டி, அரசு ஊழியர் சம்பளம் எல்லாம் போகப் பள்ளிக்கூடத்துக்கு என்ன மிஞ்சும்? அதனால் வரி வருமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, குறைத்துவிடலாமா? 1962 அக்டோபரில் சீன எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற இந்திய வீரர்களை நினைத்தால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தாயிரம் அடிக்கு மேலே, குளிரில், பருத்திச் சீருடை, கான்வாஸ் ஷூ, கையில் ஆளுக்கு ஐம்பது தோட்டா. அப்படித்தான் அவர்களைச் சீனப் படைக்கு எதிரே நிறுத்தினோம். 1948-இல் ராணுவத்தையே கலைத்த கோஸ்டா ரிகாவைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். எனக்கும் அந்த நாட்டின் மேல் மரியாதை உண்டு. ஆனால் 1955-இல் எல்லை தாண்டிப் படை வந்தபோது, அமெரிக்க நாடுகள் அமைப்பு துணைக்கு வந்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு துணை அமையாது.

எனக்குக் கவலை தருவது ஆள் எண்ணிக்கை. இந்தியாவின் 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. விமானம், கப்பல், ஆயுதம் வாங்குவது, கட்டுமானம், ஆராய்ச்சி என்று எல்லாம் சேர்ந்த மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓய்வூதியம் உழைத்தவர்களின் உரிமை, அதில் கைவைக்கக் கூடாது. ஆனால் இன்று நிரந்தரப் பணியில் சேர்க்கும் ஒருவருக்கு இன்னும் ஐம்பது வருடம் பணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சேர்க்கும்போதே யோசிக்க வேண்டும்.

இலங்கை யோசிக்கவில்லை. 2009-இல் போர் முடிந்த பிறகும் ராணுவத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேருக்கு இடம் வைத்திருந்தார்கள். 2022-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. மருந்துக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாய்படாத பாடு பட்டார்கள். அப்புறம்தான், 2023 ஜனவரியில், 2030-க்குள் ராணுவத்தை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்ற அறிவிப்பு வந்தது. அந்தப் பதின்மூன்று வருடச் சம்பளத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி யாராவது மூன்று சதவீதம் என்றால், கூடுதலாகக் கேட்கும் அந்த ஒன்றில் என்ன வாங்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பனியில் நிற்பவருக்கு நல்ல பூட்ஸும் போதுமான தோட்டாவும் என்றால் நானும் கை தூக்குவேன். எல்லையில் வேலையே இல்லாத இன்னொரு படைப்பிரிவுக்கு என்றால் மாட்டேன்.