ஹெர்னியா ஆபரேஷன்: கொழும்பிலேயே செய்துகொள்ளலாமா?

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த கையோடு வலது தொடையிடுக்கில் ஹெர்னியா (குடலிறக்கம்), வலை வைத்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கேயே செய்யலாமா, ஊருக்குப் போய்விடவா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றால் இங்கேயே செய்யுங்கள். ஊருக்குப் போனால் தையல் ஆறுவதற்குள் பெட்டி தூக்கிக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்க வேண்டியிருக்கும். ஹெர்னியாக்காரருக்கு ஆகாத வேலை அது.

ஊர்ப் பழக்கத்தில் முதலில் ஆஸ்பத்திரியைத் தேடாதீர்கள். சர்ஜனைத் தேடுங்கள். இங்கே பெரும்பாலான நிபுணர்களுக்குப் பகல் வேலை அரசாங்க வைத்தியசாலையில். மாலை நான்கு மணிக்கு மேல்தான் ஆசிரி, நவலோக்க, டேர்டன்ஸ், லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் என்று வருவார்கள். ஒரே ஆள் இரண்டு இடங்களில்கூடப் பார்ப்பார். இதற்குத்தான் ‘சனல் பண்ணுவது’ என்று பெயர். போனிலோ இணையத்திலோ பதிந்தால் ஒரு நம்பரும் உத்தேச நேரமும் வரும். அந்த நேரத்தை நம்பி ஆபீசில் அடுத்த மீட்டிங் வைக்காதீர்கள். அரசாங்கத் தியேட்டரில் ஒரு கேஸ் இழுத்தால் இங்கே எல்லா நம்பரும் பின்னால் போகும். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் பலர் வரவே மாட்டார்கள்.

சனலில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டியவை: திறந்து செய்வதா, சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா? முதுகில் ஊசியா, முழு மயக்கமா? வலையின் விலை பேக்கேஜில் அடங்குமா? மயக்க மருந்து டாக்டரின் கட்டணம்? ராத்திரி வலி வந்தால் பார்க்கப்போவது யார்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்ஜன் வீட்டுக்குப் போயிருப்பார். வார்டில் இருப்பவர் அந்த ஆஸ்பத்திரியின் டியூட்டி டாக்டர். அவர் சர்ஜனைப் போனில் பிடித்துத்தான் முடிவு சொல்வார்.

இன்ஷூரன்ஸ் உத்தரவாதக் கடிதம் அட்மிஷனுக்கு முன்பே கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் டெபாசிட் கட்டச் சொல்வார்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பாலிசி பணம் தருமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஹெர்னியா விஷயத்தில் சண்டை வருவது அங்கேதான். பாஸ்போர்ட் நகல், பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாம் ஒரே பைலில் வையுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் விடவும் வேண்டாம். சர்க்கரை மாத்திரைக்கும் அதே கதைதான்.

திட உணவு ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை பெரும்பாலும் அனுமதி உண்டு. பால் தேத்தண்ணீர் (நம்மூர் பால் டீ) சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். காலையில் ஒரு வாய் குடித்துவிட்டு ஆபரேஷன் தள்ளிப்போனவர்கள் நிறையப் பேர்.

முதுகில் ஊசி என்றால் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடையை நெஞ்சில் பதித்துக் குனியச் சொல்வார்கள். ‘ஹெல்லென்ன எபா’ என்றால் சிங்களத்தில் அசையாதே என்று அர்த்தம். ஊசி இறங்கியதும் கால்கள் சூடாகி, பிறகு கனத்துப் போகும். வெட்டுவது தெரியாது, உள்ளே இழுப்பது தெரியும், பயப்பட வேண்டாம். சில மணி நேரத்தில் உணர்வு திரும்பும். அதற்குப் பிறகு நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்பது சிறுநீர் போனதா என்றுதான். இந்த ஊசியில் மூத்திரப்பை தற்காலிகமாக மரத்துவிடும். அடிவயிறு உப்பி, போக முடியாவிட்டால் உடனே சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் காத்திருந்தால் கடைசியில் குழாய்தான். நர்ஸை ‘மிஸ்’ என்று கூப்பிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஓரிரு நாளில் விதைப்பை வீங்கி நீலம் பாரிக்கலாம். பார்த்தால் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் தானாகவே வடியும். இறுக்கமான உள்ளாடை உதவும். இருமும்போதும் எழும்போதும் தையல் மேல் கையை அழுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போக த்ரீவீலர் வேண்டாம், கார் பிடியுங்கள். முக்கி மலம் கழிக்கக் கூடாது. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் தரும் என்பதால் அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். நாலு முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் பக்கம் போகாதீர்கள்.

உட்கார்ந்தால் பிளப்பதுபோல் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் அது முதுகு ஊசியின் விளைவாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் தையல் சீழ் பிடித்ததா என்று மட்டும் யோசிக்காதீர்கள். இது டெங்கு ஊர். கொடுத்த வலி மாத்திரையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இருந்தால் நிறுத்திவிட்டு, பாரசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். எஃப்.பி.சி. ரத்தப் பரிசோதனையும் எடுங்கள் (ஊரில் சி.பி.சி. என்போமே, அதேதான்).

டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே கிளம்பலாம் என்று எண்ண வேண்டாம். சர்ஜன் கையெழுத்து, பில், இன்ஷூரன்ஸ் ஒப்புதல் எல்லாம் முடியப் பொழுது சாய்ந்துவிடும். ‘டயக்னோசிஸ் காட்’ இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். ஊரின் டிஸ்சார்ஜ் சம்மரி அதுதான். வலையின் வகையும் அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். மருந்தை பிராண்ட் பெயரில் தேடினால் ஊர்ப் பெயர்கள் பல இங்கே கிடைக்காது. மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) சொல்லி அரசாங்க ஒசுசலவில் வாங்குங்கள். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் கடைகள் அவை, பர்சுக்கும் நல்லது.

ஆபரேஷன் தேதிக்கு முன்பே ஹெர்னியா கட்டி உள்ளே போகாமல் கல்லுப்போல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது சனல் நம்பர் பார்க்கக் கூடாது. 1990க்கு அடியுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம். தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும். இன்ஷூரன்ஸ்காரருக்கு மறுநாள் போன் செய்துகொள்ளலாம்.