பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறேன்

அன்புள்ள மேடம்,

வணக்கம். எனக்கு வயது 37. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மூத்தவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் யூ.கே.ஜி. மாமியார் எங்களோடு இருக்கிறார்.

ஆறு வருடமாக வீட்டிலேயே கூழ் வத்தல், தாளிப்பு வடகம், குடமிளகாயில் மோர்மிளகாய் போட்டு விற்கிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள் எல்லாம் உண்டு. சாப்பிட்டவர்கள் குறை சொன்னதில்லை. சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். அதோடு நின்றுவிட்டது.

பிரச்சினை நான்தான். கும்பகோணத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் "சாம்பிள் கொண்டாங்க" என்று சொல்லி நான்கு மாதம் ஆகிறது. இரண்டு தடவை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். நெஞ்சு படபடவென்று அடித்து, உள்ளங்கை வேர்த்துத் திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்குள் வந்ததும் அப்பாடா என்று இருந்தது. ராத்திரி அழுகை வந்தது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன், பிறகு மெசேஜ் போடுவேன். பக்கத்து ஊர்க் கடை ஒன்றுக்குப் பங்குனியில் போட்ட சரக்குக்கு 14,600 ரூபாய் வரவேண்டும். ஆவணியே வந்துவிட்டது, கேட்க வாய் வரவில்லை.

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் பேச வந்தவர், "கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே குதியுங்கள்" என்றார். தீபாவளிக்குத் தஞ்சாவூர் கண்காட்சியில் ஸ்டால் போடச் சொல்கிறார்கள். நான் கிளம்பினாலே மாமியார், "புள்ளைங்கள விட்டுட்டு ஊர் சுத்தணுமா?" என்கிறார். அவர் சொல்வதும் சரிதானோ என்று தோன்றுகிறது. என் சுபாவத்தை மாற்ற முடியுமா? ஸ்டாலுக்குச் சரி என்று சொல்லவா?

– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது படபடப்பு இல்லை. "வந்ததும் அப்பாடா என்று இருந்தது" என்கிற வரி. உங்கள் பயத்துக்குத் தீனி போடுவது அந்த அப்பாடாதான். பஸ் ஸ்டாண்டில் பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பினீர்கள், உடனே நிம்மதி கிடைத்தது. "போகாததால்தான் தப்பித்தோம்" என்று மூளை கணக்கு எழுதிக்கொண்டது. அடுத்த முறை பையைத் தொட்டதுமே மணி அடிக்கிறது. இரண்டு தடவை திரும்பி வந்ததில் பயம் இருந்த இடத்தில் இருக்காது, கொஞ்சம் வளர்ந்திருக்கும். தெரியாத நம்பருக்குப் பதில் சொல்லாமல் மெசேஜ் போடுவதும் இதே கணக்குதான். ஆகவே சுபாவத்தை மாற்றவேண்டிய வேலை எதுவும் இல்லை. அதிகம் பேசாதவர்களும் நன்றாக வியாபாரம் செய்கிறார்கள். மாற்றவேண்டியது தப்பி வரும் பழக்கத்தை மட்டும்.

'குதியுங்கள்' என்ற அறிவுரையை ஓரமாக வையுங்கள். மேடைகளில் இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1908-ல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. அது சுண்டெலிகளை வைத்துச் செய்தது, அம்மாக்களை வைத்து அல்ல. அதிலும்கூட, கடினமான பாடத்தை எலிகள் சீக்கிரம் கற்றது நடுத்தரமான மின் அதிர்ச்சியில்தான்; அதிர்ச்சி கூடியபோது கற்பது தாமதமானது. உங்களுக்கு வேண்டியது பாய்ச்சல் இல்லை, அளவு.

அந்த அளவைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பி வகுத்த முறை, இன்றும் நாங்கள் பயன்படுத்துவது: பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடுவது. கூழ் கிண்டும்போது 0. கண்காட்சி ஸ்டாலை நினைத்தால் ஒருவேளை 90. நடுவில் இருப்பவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை வைத்து நான் ஊகிப்பது: தெரியாத அழைப்பை எடுத்து அரை நிமிடம் பேசுவது 30. பாபநாசத்தில் ஒரு கடைக்குள் போய், அங்கிருக்கும் மோர்மிளகாய் பாக்கெட்டின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வருவது 40. அய்யம்பேட்டையில் ஒரு சிறிய கடையில் 100 கிராம் சாம்பிளைக் கொடுத்துவிட்டு வருவது 50. பாக்கியைக் கேட்பது 60. கும்பகோணம் கடை 75. நீங்கள் போடும் மார்க் வேறாக இருக்கலாம், அதுதான் செல்லும்.

30, 40-ல் தொடங்குங்கள். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை, ஒரே படியை மூன்று நான்கு முறை. 40 என்று போட்டது 20-க்கு இறங்கினால் அடுத்த படி. மாதம் ஒரு தடவை செய்தால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகவே இருக்கும். பலர் இந்த முறையைக் கைவிடுவது இந்த இடைவெளியால்தான். ஒரே கடையில் மட்டும் பழகாதீர்கள். பழைய பயம் அழிவதில்லை. "போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற புதுப் பாடம் அதன் பக்கத்தில் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். ஒரு கடையில் மட்டும் கற்ற பாடம் அந்தக் கடையோடு நின்றுவிடும். பாபநாசம், அய்யம்பேட்டை, சுவாமிமலை என்று இடம் மாற்றுங்கள்.

கிளம்பும் முன் நோட்டில் ஒரு வரி: "என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்?" வந்தபின் ஒரு வரி: "என்ன நடந்தது?" "மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுவார்" என்று எழுதியிருப்பீர்கள். "இப்ப வேணாம்மா, தீபாவளி முடிஞ்சு வாங்க" என்று சொல்லியிருப்பார். அந்த இடைவெளியைக் கண்ணால் பார்ப்பதில்தான் மருந்து இருக்கிறது. மனதுக்குள் மட்டும் ஒப்பிட்டால், பயந்த மனம் நடந்ததையே மாற்றிச் சொல்லும்.

இன்னொன்று, கேட்க விசித்திரமாக இருக்கும். முதல் ஐந்து கடைகளில் ஒன்றிலாவது "வேண்டாம்" என்ற பதிலை வாங்கிவாருங்கள். நீங்கள் பயப்படுவதே அந்தச் சொல்லுக்குத்தான். எல்லாக் கடையும் சரி என்றால் பயம் அப்படியே பத்திரமாக இருக்கும். ஆர்டர் கிடைத்ததா என்று பார்த்து மார்க் போடாதீர்கள். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தால் அன்றைய வேலை முடிந்தது.

படபடப்பு வரும்போது அதை அடக்கப் பார்க்காதீர்கள். தப்பி ஓடாமல் நின்றால் அது ஏறி, நின்று, தானே இறங்கும். மாரடைப்பு என்று தோன்றும் அளவுக்கு அடித்தாலும் உங்கள் வயதில் பெரும்பாலும் பயத்தின் வேலைதான். ஆனாலும் ஒரு தடவை ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; இரண்டுமே படபடப்பைத் தரும், பெண்களுக்கு அதிகம் வருபவை. வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். அன்றைக்கு இரண்டாவது டம்ளர் டிகிரி காபியும் வேண்டாம். காபி தரும் படபடப்பும் பயம் தரும் படபடப்பும் உடம்புக்கு ஒன்றுபோலவே தெரியும்.

பயத்திலிருந்து தப்பிக்க நீங்கள் ஊன்றிக்கொள்ளும் கைத்தடிகளைக் கவனியுங்கள். கொழுந்தனாரைக் கூட்டிப்போய் அவரைப் பேசவைப்பது, நேரில் சொல்லவேண்டியதை வாய்ஸ் மெசேஜில் சொல்வது, கேட்கும் முன்பே "அஞ்சு ரூபா கொறைச்சுக்கிறேன் அண்ணே" என்பது எல்லாம் கைத்தடிகள்தான். கடைசியாகச் சொன்னதுதான் தொழிலுக்கு ஆபத்து. அவசரத்தில் கொடுக்கிற தள்ளுபடி வியாபாரத் தந்திரம் இல்லை, பேச்சைச் சீக்கிரம் முடித்துத் தப்பிக்கும் வழி. அதனால் விலையை முதல் நாள் ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு, 200 கிராம் கூழ் வத்தலுக்கு உங்கள் கூலியும் சேர்த்து அடக்கம் 48 ரூபாய், பாக்கெட் விலை 80, கடைக்காரருக்கு 20 சதவீதம் என்றால் உங்கள் கைக்கு 64 வரும், மிச்சம் 16. அவர் 25 சதவீதம் கேட்டால் 60, மிச்சம் 12. அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று நோட்டில் எழுதிக் கோடு போடுங்கள். கடையில் வேறு எண் சொன்னால், "வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி வந்துவிடலாம். அது ஓட்டம் இல்லை. (கூலியைச் சேர்க்காமல் அடக்கம் போடும் பழக்கம் வீட்டுத் தொழில் செய்யும் அம்மாக்களிடம் நிறைய. உங்களிடமும் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.)

14,600-க்கு வருகிறேன். போனில், நின்றுகொண்டு, இவ்வளவு மட்டும்: "அண்ணே, பங்குனியில போட்ட சரக்குக்கு 14,600 நிக்குது. இந்த வாரம் 5,000 குடுத்துட்டு, மீதிய எந்தத் தேதியில தர்றீங்கன்னு சொல்லுங்க." அதன்பின் வாயை மூடிக்கொள்ளுங்கள். இங்கேதான் தவறு நடக்கும். அந்த நான்கைந்து விநாடி மௌனம் தாங்காமல், "பரவால்ல அண்ணே, முடிஞ்சப்ப குடுங்க" என்று நீங்களே முடித்துவைத்துவிடுவீர்கள். மௌனம் அவருடையது, அவர் கலைக்கட்டும். இது கெஞ்சல் இல்லை என்று மனதில் பதிய ஒரு தகவல்: உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்த குறுந்தொழிலிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சட்டம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. முதல் போனிலேயே சட்டம் பேசவேண்டாம், தெரிந்து வைத்திருந்தால் குரல் நடுங்காது.

மாமியார் விஷயம். பயமும் குற்ற உணர்வும் வேறுவேறு, நீங்கள் இரண்டையும் ஒரே பையில் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம், சொல்லப்போனால் புதன்கிழமை பத்தரையிலிருந்து ஒன்றரை, உங்கள் வெளி வேலை நேரம் என்று வையுங்கள். செவ்வாய் ராத்திரியே அவரிடம், "அத்தை, நாளைக்கு அய்யம்பேட்டை போறேன், ஒன்றரைக்கு வந்துடுவேன்" என்று சொல்லுங்கள். அனுமதியாகக் கேட்காமல் தகவலாகச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். நாலைந்து வாரம் சொன்னபடி வந்துவிட்டால், உங்கள் விளக்கத்தைவிட அது அதிகம் பேசும். வெளியே இருக்கும்போது வீட்டுக்கு ஒரு போன் போதும். கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவதும் கைத்தடிதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கூழ் கிண்டுவது, பிழிவது, எடை போடுவது, சின்னவனுக்கு ஊட்டுவது எல்லாவற்றையும் நீங்களே செய்வதிலும் ஒரு பாதுகாப்பு இல்லையா? 'வேலை இருக்கிறது, அதனால் போகமுடியவில்லை' என்று சொல்ல அது உதவுகிறது. பிழிவதையும் காயவைப்பதையும் குழுவில் ஒருவருக்குக் கூலி கொடுத்து விடுவதும், அத்தை அவர் பாணியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் உங்கள் நோட்டில் ஏறவேண்டிய படிகள். அம்மாக்களுக்குப் பல சமயம் கும்பகோணம் கடையைவிட இதற்குத்தான் மார்க் அதிகம்.

இத்தனைக்கும் மேலாக, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கம் கெட்டாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ, வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வந்தாலோ, நோட்டை நம்பி இருக்கவேண்டாம். கடைசியாகச் சொன்னது வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், அன்றே பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு.

ஸ்டாலுக்கு இந்தத் தீபாவளிக்கு உங்கள் பெயரைக் கொடுக்கவேண்டாம். ஐப்பசிக்குள் 90-ஐத் தொடுவது அவசரம், மழையும் ஆரம்பித்துவிடும். ஆனால் போகாமலும் இருக்காதீர்கள். குழுவில் வேறு யாராவது ஸ்டால் போட்டால், அவருக்குத் துணையாக இரண்டு மணி நேரம் நில்லுங்கள், பத்துப் பேருக்காவது விலை சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எப்படியும் வத்தல் காயாது. கடை கடையாகப் போக அதுதான் தோதான காலம். பொங்கலையொட்டிக் கண்காட்சி வைத்தால் அப்போது உங்கள் பெயரில் ஸ்டால் கேளுங்கள். கும்பகோணம் கடைக்காரர் நான்கு மாதம் காத்திருந்தவர், புரட்டாசி வரை காத்திருப்பார். அவருக்கு மட்டும் இன்றே ஒரு போன் போட்டு, "புரட்டாசி முதல் வாரம் சாம்பிளோட வர்றேன் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். மெசேஜ் வேண்டாம், போன்.