வெள்ளியா செம்பா? ஹெட்போன் கேபிள் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பாட்டுப் பைத்தியங்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஹெட்போன் கேபிள் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் கேபிள் கட்டிக் கொடுப்பவன். இருந்தாலும் கணக்கு என்ன சொல்கிறதோ அதைத்தான் சொல்வேன்.

தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி: அண்ணே, என்னிடம் சென்ஹைசர் ஹெச்டி 650 இருக்கிறது. வெள்ளிக் கேபிளுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளி செம்பைவிட மேலானது என்பது உண்மைதான், ஆனால் வித்தியாசம் ஏறக்குறைய 6 சதவீதம். செம்புக் கம்பியை ஒரு கேஜ் (கம்பித் தடிப்பின் அளவெண்) தடிப்பாக எடுத்தாலே அந்த 6 சதவீதத்தைத் தாண்டிவிடலாம்.

உங்கள் ஹெட்போனுக்கே கணக்குப் போடுவோம். 26 கேஜ் செம்பு, 1.2 மீட்டர் நீளம். போக வர 2.4 மீட்டர். மின்தடை (ஓம் என்பது அதன் அளவு) சுமார் 0.32 ஓம். ஹெட்போனோ 300 ஓம். கேபிளில் இழப்பது ஒரு டெசிபெல்லில், அதாவது ஒலியை அளக்கும் அலகில், நூறில் ஒரு பங்கு. அதில் 6 சதவீதத்தைக் குறைத்து எந்தக் காதுக்குக் கேட்கப்போகிறது? அந்தக் காசில் காதில் படும் மெத்தையை, அதாவது இயர்பேடை, புதிதாக வாங்குங்கள். பழசு அமுங்கிப்போயிருந்தால் மாற்றிய அன்றே வித்தியாசம் தெரியும்.

கல்லூரி மாணவி: அப்படியென்றால் கேபிளால் சத்தம் மாறவே மாறாதா, அண்ணா?

நல்ல கேள்வி, தங்கச்சி. மாறும் இடம் ஒன்று உண்டு. காதுக்குள் வைக்கும் சில இயர்போன்களில் பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்கள்) இருக்கும். அவற்றின் தடை ஒரு சுருதியில் 6 ஓம், இன்னொரு சுருதியில் 40 ஓம் என்று ஏறி இறங்கும். அதே 0.32 ஓம் கேபிளைப் போட்டால், 6 ஓம் இருக்கும் இடத்தில் 0.45 டெசிபெல் குறையும், 40 ஓம் இடத்தில் 0.07 மட்டும்தான் குறையும். ஆக, ஏறக்குறைய 0.4 டெசிபெல் சாய்வு. கவனமாகக் கேட்பவருக்கு இது பிடிபடலாம்.

இதற்கு மருந்து வெள்ளி இல்லை, தடிப்பு. அதே 26 கேஜில் வெள்ளி போட்டால் சாய்வு 0.36 ஆகும். 24 கேஜ் செம்பு போட்டால் 0.24க்கு இறங்கிவிடும். கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிக்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் இளைஞர்: வெள்ளிக் கேபிள் போட்டதும் உறுமியின் தேய்ப்பு அப்படியே பக்கத்தில் கேட்டது, அண்ணே. நான் கேட்டது பொய்யா?

பொய் இல்லை. பழைய கேபிளில் 3.5 மில்லிமீட்டர் ஜாக், புதியதில் 4.4 மில்லிமீட்டர் ஜாக் என்று எழுதியிருந்தீர்களே, காரணம் அங்கேதான் இருக்கிறது. பல பிளேயர்களில் 4.4 துளையில் இரண்டு மடங்கு வோல்டேஜ் வரும். அதாவது 6 டெசிபெல் அதிகம். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். ஒலியளவைச் சமமாக்கி, எந்தக் கேபிள் என்று தெரியாமல் நண்பரை மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

பிரிட்ஜ் முறையில், அதாவது எதிர்முனையையும் தனி ஆம்ப் ஓட்டும் 4.4 துளையில், இரண்டு எதிர்முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கும் அடாப்டரை மட்டும் செருகிவிடாதீர்கள். ஆம்ப் போய்விடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வெள்ளி பூசிய செம்பில் மேல்சுருதி வெள்ளி வழியாகவும் கீழ்ச்சுருதி செம்பு வழியாகவும் போகும் என்கிறார்களே?

சுருதி ஏற ஏறக் கம்பியின் மேற்பரப்பில் மின்சாரம் ஒதுங்குவது உண்மை, ஐயா. ஆனால் காது கேட்கும் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸிலும் செம்பில் அந்த ஆழம் சுமார் 0.46 மில்லிமீட்டர். 26 கேஜ் கம்பியின் முழு விட்டமே 0.4 மில்லிமீட்டர்தான். அதனால் கேட்கும் ஒலி முழுவதும் கம்பி முழுக்கப் பரவித்தான் ஓடும். டெஃப்லான் உறையை மிகுந்த சூட்டில் ஏற்றும்போது செம்பு கெடாமல் இருக்க வெள்ளி பூசுவார்கள். அந்தக் கம்பி பிறகு ஆடியோவுக்கு வந்து, அதற்கென்று ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது.

பால்வெட்டுக் குடும்பத்துத் தம்பி: என் கேபிள் உள்ளே பச்சையாகிவிட்டது. நண்பனின் வெள்ளிக் கேபிள் கறுத்துவிட்டது. ஏன்?

நம் ஊர் ஈரம், வியர்வை, மலிவான பிவிசி உறை எல்லாம் சேர்ந்தால் செம்பில் களிம்பு ஏறும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சத்தம் கெடாது. களிம்பு ஈயம் வைத்த இணைப்பு வரை போனால்தான் கவலைப்பட வேண்டும். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். நண்பர் ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பால்மரத்து ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், அது வெள்ளியைக் கறுக்கவைக்கும். துணி நாடா போதும்.

ஈரத்துக்கு நல்ல வழி, ஒவ்வொரு இழைக்கும் எனாமல் பூசிய லிட்ஸ் கம்பி. ஆனால் ஈயம் வைக்கும் முன் எனாமலை எரிக்க வேண்டும். 380, 400 டிகிரி சூடு வேண்டியிருக்கும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: மகன் தானே கட்டுகிறேன் என்கிறான். எதில் கவனம் வைக்கச் சொல்ல?

ரொம்ப சந்தோஷம், அக்கா. கட்டட்டும். முதலில் வளையும் கம்பி வாங்கச் சொல்லுங்கள். டெஃப்லான் உறை விறைப்பாக இருக்கும், சட்டையில் உரசினால் காதுக்குள் கரகரக்கும். இரண்டு காதுக்கும் நாலு கம்பிகளை ஜாக் வரை தனித்தனியாகக் கொண்டுபோகட்டும். திரும்பும் கம்பி பொதுவாக இருந்தால் இடது ஒலி வலதில் கசியும். கேபிள் அறுவது பெரும்பாலும் ஜாக்கின் வாயில்தான், அங்கே கம்பி இழுபடாமல் பிடிப்பு வேண்டும். இதில்தான் ஒரு கேபிளின் ஆயுசே இருக்கிறது.

4.4 ஜாக்கில் நுனியிலிருந்து வரிசை: இடது நேர், இடது எதிர், வலது நேர், வலது எதிர். கடைசி வளையம் தரை, அதை விட்டுவிடலாம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஜாக்கின் ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பார்க்கட்டும். எங்கேயும் பீப் வரக்கூடாது. கேபிளை ஆட்டி ஆட்டி இன்னொரு முறை பார்த்துவிட்டு, அப்புறம் பிளேயரில் செருகட்டும்.