‘அச்சுக்கு எதிர்காலம் உண்டா?’: இதழியல் மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நிருபராக ஆறு வருடம், டெஸ்க்கில் (நிருபர்கள் தரும் செய்தியைத் திருத்தும் பிரிவு) பதினாறு வருடம், இப்போது இணையப் பிரிவு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சினிமா விமர்சனம், யூடியூப் வருமானம் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அச்சுப் பத்திரிகைக்கு எதிர்காலம் உண்டா?

தாள் குறையும், செய்தி வேறு வடிவத்துக்குப் போகும். 1605-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோகான் கரோலுஸ் அச்சடித்த வார இதழைத்தான் உலகின் முதல் செய்தித்தாள் என்கிறார்கள். அதற்கு முன் அவர் செய்திகளைக் கையால் படியெடுத்து விற்றுக்கொண்டிருந்தவர். லண்டனின் ‘தி இண்டிபெண்டன்ட்’ 2016 மார்ச்சில் அச்சை நிறுத்தியது, இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையான அடி வரிவிளம்பரத்தில் விழுந்தது. வேலை, வாடகை வீடு, பழைய வண்டி என்று சிறுகச் சிறுக வந்த காசை இணையதளங்கள் அள்ளிக்கொண்டன. வேலைக்குச் சேரும்போது ‘என் சம்பளம் சந்தாவிலிருந்து வருகிறதா, விளம்பரத்திலிருந்தா?’ என்று விசாரியுங்கள். அச்சா இணையமா என்பதைவிட அது முக்கியம்.

முக்கியமானதை முதலில் சொல்லி, மற்றதைப் பின்னால் தள்ளும் தலைகீழ் பிரமிட் முறை இன்னும் தேவையா?

தேவை. பக்கத்தில் இடம் போதாவிட்டால் நாங்கள் கடைசிப் பத்தியை வெட்டுவோம். இப்போது வாசகரே இரண்டாம் பத்தியில் வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

பேட்டியைச் செயலியே எழுத்தாக்கித் தருகிறது. குறிப்பேடு எதற்கு?

பயிற்சி நிருபர் ஒருவர் செய்தி எழுதிக் கொடுத்தார். நிவாரணம் பற்றி ஒரு பெண் சொன்னதாக ‘பணம் வரலாம்’ என்று இருந்தது. அடுத்த வரியிலேயே அவர் அழுததாகவும் இருந்தது. இடித்ததால் ஒலிப்பதிவைக் கேட்டேன். அவர் சொன்னது ‘பணம் வரலை’. பின்னால் ஒரு பேருந்து ஹாரன், செயலி ‘லை’யை ‘லாம்’ ஆக்கிவிட்டது. குறிப்பேட்டில் ‘வரலை, மூணு மாசம்’ என்று ஒரு கிறுக்கல் இருந்திருந்தால் போதும். செயலியைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மேற்கோளாகப் போடும் வரியை மட்டுமாவது காதால் கேளுங்கள். அப்புறம், குறிப்பின் தலையில் தேதி போடுங்கள்.

கைப்பேசியில் வரும் படம் பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேதியைப் பாருங்கள். தேடுபொறியில் படத்தைப் போட்டுத் தேடினால் முன்பு வெளியானதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘இன்று காலை’ என்று எனக்கு வந்த வெள்ளப் படத்தில், சுவரொட்டியின் மூலையில் போன வருடத்துத் தேதி இருந்தது. பெரிதாக்கிப் பார்க்க ஐந்து நொடி. வெள்ளச் சாலையில் சுறா நீந்தும் போலிப் படம் 2011-இலிருந்து புயலுக்குப் புயல் திரும்பி வருகிறது. அனுப்பியவரை அழைத்து ‘நீங்களே எடுத்ததா?’ என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் அங்கேயே ‘இல்லை, வந்தது’ என்பார்கள்.

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செய்தி எழுதினால் தப்பு வரும் என்று பத்திரிகையாளர்கள் பயமுறுத்துகிறீர்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2014-இலேயே நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளை மென்பொருள் மூலம் எழுத ஆரம்பித்துவிட்டதே?

சரி, நல்ல கேள்வி. அது லாபம், நஷ்டம், வருவாய் என்று கட்டம் போட்ட எண்களை வாக்கியமாக்கும் வேலை. உள்ளே போகும் எண் சரியென்றால் வெளியே வருவதும் சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகள் தெரியாததையும் சரளமாகச் சொல்கின்றன. 2025 மே மாதம் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ இணைப்பிதழில் கோடைக்கால வாசிப்புப் பட்டியல் வந்தது. 15 புத்தகங்களில் 10 உலகத்திலேயே இல்லை. எழுத்தாளர்கள் நிஜம், தலைப்புகள் கற்பனை.

(அதே மாணவர்) அது ஏஐ தப்பு இல்லையே? சரிபார்க்காத மனிதரின் தப்பு.

ஒப்புக்கொள்கிறேன். எழுதியவரும் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பக்கங்கள் வெளி நிறுவனத்திலிருந்து தயாராக வந்தவை, பத்திரிகையின் டெஸ்க் பார்க்கவே இல்லை. ஆனால் ஒன்று. டெஸ்க்கில் ஆள் குறைத்ததும் ஏஐ வாங்கியதும் ஒரே காசை மிச்சம் பிடிக்கத்தான். சரிபார்க்கும் ஆளை அனுப்பிவிட்டு ‘சரிபார்த்துப் பயன்படுத்துங்கள்’ என்றால் யார் செய்வது?

(அதே மாணவர்) அப்படியானால் உங்கள் கோபம் முதலாளி மீது.

பாதி அப்படித்தான். இதை இங்கே விடுவோம், வரிசையில் மற்றவர்கள் நிற்கிறார்கள்.

பேட்டி தந்தவர் வெளியிடும் முன் கட்டுரையைக் காட்டச் சொல்கிறார்.

முழுக் கட்டுரையைக் காட்டாதீர்கள். அவர் சொன்ன வரிகளையும் எண்களையும் படித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்கலாம். சங்கடம் என்பதற்காக வரியை எடுக்கச் சொன்னால் உங்கள் ஆசிரியரிடம் போங்கள்.

அச்சுக்கு எதிர்காலம் உண்டா?

மேலே பாருங்கள்.

பத்திரிகைத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா சார்?

மேலே. ‘சார்’ போட்டதால் பதில் மாறாது.

அனுபவம்தான் சம்பளம் என்று ஆறு மாதப் பயிற்சிக்கு அழைக்கிறார்கள். போகலாமா?

உங்கள் செய்தியைத் திருத்தித் தர அங்கே ஆள் உண்டா என்று கேளுங்கள். பிறர் தளத்துச் செய்தியை மாற்றி எழுதுவதுதான் வேலை என்றால் வேண்டாம்.

முதல் பைலைன் (செய்தியோடு எழுதியவர் பெயர்) வந்தது. என் பெயரில் எழுத்துப்பிழை. திருத்தம் கேட்கலாமா?

வாழ்த்துகள். கேளுங்கள், இதில் என்ன கூச்சம்? என் முதல் பைலைனில் இனிஷியல் மாறிப்போனது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், தேதியோடு.